வெள்ளிக்கிழமைப் பாடம்

நாகராசு கத்தாரில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். சாமான் ஏற்றுவதிலோ அடுக்குவதிலோ அவனை ஒருவரும் குறை சொன்னதில்லை. இங்கிலீஷில்தான் குறை. கூட வேலை செய்யும் பழனிச்சாமிக்குக் காய்ச்சல் வந்த அன்று மேலாளரிடம் போய், 'ஹிம் கோ ஹாஸ்பிடல்' என்று சொல்லிவிட்டான். மேலாளருக்கு விஷயம் புரிந்தது, பழனிச்சாமியை அனுப்பியும் வைத்தார். ஆனால் அன்றிலிருந்து நாகராசுவை எங்கே பார்த்தாலும் 'ஹிம் கோ, ஹிம் கம்' என்று கூப்பிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்தவர் இந்நேரம் மறந்திருப்பார். பட்டவன் மறப்பானா?

தனக்கு வந்த அவமானம் மகளுக்கு வரக் கூடாது என்று நினைத்தான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. மகள் ஹரிணி அறந்தாங்கியில் இங்கிலீஷ் மீடியத்தில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. கட்டிலில் படுத்துக்கொண்டு யூடியூபில் வீடியோ பார்த்து, ஐ எங்கே வரும், மீ எங்கே வரும் என்று முதலில் தான் படித்தான். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வீடியோ காலில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான்.

தொடக்கத்தில் அது விளையாட்டாகத்தான் இருந்தது. மனைவி செவந்தி போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்துவிட்டு, கையில் ஒரு வாழைப்பழத்தோடு நிற்பாள்.

"செய்யுறது யாரு, வாங்கிக்கிறது யாருன்னு பாரு ஆத்தா" என்பான் நாகராசு. மகளை ஆத்தா என்றுதான் கூப்பிடுவான். "அம்மா குடுக்குறா, அப்ப ஷீ. ஒனக்குக் குடுக்குறா, அப்ப மீ."

ஹரிணி பழத்தை வாங்கி, 'ஷீ கிவ்ஸ் மீ' என்பாள். திருப்பிக் கொடுத்து, 'ஐ கிவ் ஹெர்' என்பாள். கை மாறி மாறிப் பழம் கூழாகிவிடும். கடைசியில் அவளே தின்றுவிட்டு வாயைத் துடைப்பாள். மூன்று பேரும் சிரிப்பார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் அவனைப் போல வாத்தியார் கிடையாது.

அரைப் பரீட்சையில் ஐ, மீ கேள்வியிலேயே ஹரிணி தப்பாக எழுதிவிட்டாள். பேப்பரை வாட்ஸ்அப்பில் பார்த்த நாகராசுவுக்கு மேலாளரின் சிரிப்புதான் காதில் விழுந்திருக்க வேண்டும். அடுத்த வெள்ளியிலிருந்து வாழைப்பழம் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று பதில் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அழுதால், அழுது முடித்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை என்றாலே ஹரிணிக்கு வயிறு வலிக்கத் தொடங்கியது. செவந்தி சில வாரம் நெட் இல்லை என்று பொய் சொல்லிப் பார்த்தாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் நேராகவே கேட்டாள்.

"ஏங்க, புள்ளகிட்ட சாப்ட்டியா தூங்குனியான்னு ரெண்டு வார்த்த கேளுங்களேன்."

"அதக் கேக்கத்தான் நீ இருக்கியே" என்றான் அவன். அடியாத மாடு படியாது என்று ஒரு பழமொழியையும் சேர்த்துக்கொண்டான்.

இந்தப் பங்குனியில் லீவு கிடைத்தது. திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கியபோது நாகராசுவுக்கு ஒரே ஆசைதான். வெளியே வந்ததும் மகள் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொள்ள வேண்டும். மற்றவர்களின் பிள்ளைகள் அப்படித்தான் ஓடி வந்தன. ஹரிணி அம்மாவின் பக்கத்திலேயே நின்றாள். அவன் கிட்டே வந்ததும், இங்கிலீஷில் வரவேற்று, பார்த்ததில் மகிழ்ச்சி என்று தப்பில்லாமல் சொன்னாள். கார் ஓட்டிய ஆவுடையப்பனிடம் நாகராசு வழியெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டான்.

பெருமை வீடு வந்து சேரும்வரைதான் இருந்தது. அவன் கூடத்துக்கு வந்தால் ஹரிணி எழுந்து நின்றாள். அடுப்படியில் அம்மாவிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பவள், அவன் தலை தெரிந்தால் நிறுத்திவிடுவாள். பள்ளிக்கூடத்தில் என்ன விசேஷம் என்று ஒருநாள் ஆசையாகக் கேட்டான். அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"இங்கிலீஷ்லயாப்பா?"

மறுநாள் அவன் பொம்மை வாங்கித் தந்தான், பரோட்டாக் கடைக்குக் கூட்டிப் போனான். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. எல்லாவற்றுக்கும் மரியாதையாக நன்றி சொன்னாள்.

கத்தாருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், தெருவில் சைக்கிள் விழும் சத்தம் கேட்டு நாகராசு ஓடினான். ஹரிணி கீழே கிடந்தாள். முழங்காலில் ரத்தம். எதிர்வீட்டுப் பையன் ஜஸ்டின் பயந்துபோய்ச் சுவரோரம் நின்றான். நாகராசு மகளை வாரித் தூக்கி, என்ன ஆச்சு என்று கேட்டான். தேம்பலுக்கு நடுவே அவள் வாயைத் திறந்தாள்.

"ஹிம் புஷ்..." என்றவள் சட்டென்று நிறுத்தினாள். உடம்பு விறைத்தது. அழுகையை விழுங்கினாள். "ஹீ. ஹீ புஷ்ட் மீ."

நாகராசு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டான். ரத்தம் அவன் சட்டையில் ஒட்டியது. காயம் பட்ட பிள்ளை வலியை மறந்து தன்னைப் பார்த்துப் பயப்படுகிறது. அந்த மேலாளர்கூடத் தன்னை இந்த அளவுக்குப் பயமுறுத்தியதில்லை என்று நினைத்துக்கொண்டான்.

"தமிழ்ல சொல்லு ஆத்தா. தப்பாக்கூடச் சொல்லு. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஹரிணி அவன் முகத்தையே பார்த்தாள். இதற்கும் சரியான விடை ஒன்று இருக்குமோ என்று பார்த்த மாதிரி இருந்தது. பிறகு, அம்மாகிட்ட போகணும் என்று மெதுவாகச் சொன்னாள். அவன் தூக்கிக்கொண்டு போய்ச் செவந்தியிடம் கொடுத்தான். அம்மாவின் தோளில் சாய்ந்த பிறகுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் பிளைட் ஏறிவிட்டான். கத்தார் போய்ச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை போன் செய்தான். என்ன கேட்பது என்று காலையிலிருந்தே யோசித்து வைத்திருந்தான். அரிசி டின்னுக்கு எதிரே ஹரிணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முழங்காலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"சாப்ட்டியா ஆத்தா?"

அவள் யோசித்தாள். உதடு மட்டும் அசைந்தது. பிறகு அம்மா இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, போனில் கேட்காது என்று நினைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சாப்ட்டதுக்கு 'ஐ'யாம்மா, 'மீ'யாம்மா?"

நாகராசுவுக்கு அது தெளிவாகவே கேட்டது.