காலியாக இருந்த மாடம்

தவக்காலம் பிறந்ததும் கோயிலில் இருந்த புனிதர் சுரூபங்களுக்கெல்லாம் ஊதாத் துணி போர்த்தினார்கள். தொம்மைக்கும் போர்த்தினார்கள்.

அவன் அப்போது தோமையார் மாடத்தில் ஏறி நின்று சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். காதில் கண் எழுதுகிற சின்னத் தூரிகையைச் செருகியிருந்தான். மாடம் காலி. பழைய தோமையார் கீறல் விட்டுப்போனதால் கல்லறைத் தோட்டத்தில் புதைத்துவிட்டார்கள். மந்திரித்த சுரூபத்தைக் குப்பையில் போடக் கூடாது.

மணியடிக்கிற கோயில்பிள்ளை மிக்கேல்தான் துணியோடு வந்தார்.

"அண்ணாச்சி, நான் ஆளு."

"பேரு என்ன?"

"தொம்மை. தெரியாதாக்கும்?"

"தொம்மைன்னா தோமையார். மாடத்துல நிக்கே. பெறவு என்னல?"

"அது ஞானஸ்நானத்துல வச்ச பேரு."

"அதத்தான் சொல்லுதேன். உனக்குத் தலையில தண்ணி ஊத்தும்போதே முடிவாயிட்டு."

துணி தலைக்கு மேலே வந்தது.

"அசையாத. அசைஞ்சா கீறல்னு அர்த்தம். கீறல் விட்டா எங்க போகணும்னு உனக்குத் தெரியும்."

தெரியும். பழையவருக்குக் குழி வெட்டியதே தொம்மைதான்.

"ஆண்டவருக்கு இன்னும் கண்ணு எழுதல அண்ணாச்சி."

அதுதான் அவனுக்குக் கவலை. உயிர்த்த ஆண்டவர் சுரூபத்துக்கு உடம்பெல்லாம் வர்ணம் பூசி முடித்திருந்தான். கண் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெள்ளை. ஈஸ்டர் காலையில் சப்பரம் ஏறி ஊருக்குள் போக வேண்டியவர்.

"அவருக்குக் கண்ணு இல்லாமலே எல்லாம் தெரியும்ல."

"அவருக்குத் தெரியும். அவரு பாக்காருன்னு எனக்குத் தெரியாண்டாமா?"

காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று தோமையார் சொன்னது ஊருக்கே தெரியும். "தோமையாரேதான்" என்று மிக்கேல் துணியைச் சுற்றிக் கயிற்றை இறுக்கினார்.

நாள் போகப் போகக் கால் முழங்கால்வரை சுண்ணாம்பாகிவிட்டது. வலிக்கவில்லை. காலமெல்லாம் சாரத்தில் நின்ற கால். அதற்கு ஓய்வு மாதிரிதான் இருந்தது.

அவன் பெண்டாட்டி சலேத்து வந்து மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

"தோமையாரே, எம் வீட்டுக்காரரக் காணல. அனுப்பிவையும். கருவாட்டுக் கொழம்பு ஆறுது."

"ஏட்டி சலேத்து, நான்தாம்ட்டி."

"தெரியும். அதான் உம்மகிட்ட கேக்கேன்."

"அப்ப எறக்கி விடு."

"சுரூபத்தத் தொட்டா மிக்கேல் அண்ணாச்சி வைவாரு."

அவள் தினமும் வந்தாள். தினமும் அதையே கேட்டாள். மெழுகுவர்த்திப் புகை மாடத்துச் சுவரில் கரியாகப் படிந்தது.

ஈஸ்டர் காலையில் துணிகளை உருவினார்கள். சப்பரம் பீடத்திலிருந்து கிளம்பியது. அன்றைக்குக் கோயில் நீளமாக இருந்தது. தூக்கிகள் நடக்க நடக்க வாசல் தள்ளிப் போனது. மிக்கேல் குழி வெட்டுகிற மம்பட்டியோடு மாடத்தடியில் நின்றார். தொம்மையின் கையையே பார்த்தார்.

ஆண்டவர் வெள்ளைக் கண்ணோடு வந்தார்.

சும்மா நின்றால் போதும், குழி இல்லை. தொம்மைக்கு அது நன்றாகத் தெரிந்தது.

சப்பரம் மாடத்தை ஒட்டி வந்தது. அவன் காதிலிருந்து தூரிகையை எடுத்தான். நாக்கில் நனைத்தான். சுவர்க் கரியில் தோய்த்தான். எட்டி ஒரு கண்ணை வைத்தான். எட்டி மறு கண்ணை வைத்தான். பக்கவாட்டிலிருந்து எழுதியதால் கருவிழி ரெண்டும் ஓரத்தில் விழுந்தன. ஆண்டவர் தொம்மையைப் பார்த்தார்.

சனம் அல்லேலூயா என்றது.

"கீறல் விட்டுட்டு" என்றார் மிக்கேல். மம்பட்டியை ஓங்கினார். ஆண்டவர் முகத்தைப் பார்த்தார். மம்பட்டி தானாக இறங்கியது.

"சப்பரத்தத் திருப்புங்கல!"

திருப்பினார்கள். வாசல் பக்கம் திருப்பினாலும் பீடத்துப் பக்கம் திருப்பினாலும் கண் மாடத்தில்தான் இருந்தது.

"அவரு பாக்கும்போது எப்படிப் பொதைக்கது? கண்ண மூடட்டும்."

மிக்கேல் மம்பட்டியை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். சலேத்து குழம்புச் சட்டியோடு வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"எப்ப மூடுவாரு அண்ணாச்சி?"

"கண்ணுன்னு இருந்தா ஒரு நேரம் இமைக்காமலா போகும்?"

தொம்மை தூரிகையைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டான். அவன் இமை எழுதவில்லை.