இரண்டு சிரிஞ்சும் என் நாத்தனாரும்

என் நாத்தனாரின் வாய் ஓய்ந்துவிட்டது என்றால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம். அன்று காலை அவசரப் பிரிவில் மருந்து அலமாரியை அடுக்கிக்கொண்டே என்னைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவள், பாதிப் பேச்சில் நிறுத்தி, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கட்டிலில் படுக்கவைத்து வயர்களை ஒட்டினால், மானிட்டரில் துடிப்பு நூற்றுத் தொண்ணூறைத் தாண்டி ஓடுகிறது.

என் கணவரின் தங்கை அவள். ஒரே வார்டில் நர்ஸ் வேலை, ஒரே வீட்டில் குடித்தனம். நகைக்காகவோ நாத்தனார் சீருக்காகவோ எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. வந்ததெல்லாம் இந்த ஒரு ஊசியால்தான். தறிகெட்டு ஓடும் இதயத்தை ஒரு கணம் நிறுத்தி, ஒழுங்காகக் கிளப்பிவிடும் மருந்து. ரத்தத்தில் இறங்கிய சில நொடிகளில் அதன் ஆயுசு முடிந்துவிடும். அதற்குள் இதயத்தைப் போய்ச் சேரவேண்டும். அவள் கட்சி இரண்டு சிரிஞ்ச்: மூன்று வாய் உள்ள குட்டிக் குழாயில் இரண்டையும் மாட்டி, மருந்தைத் தள்ளி, குழாயின் திருகைத் திருப்பி, பின்னாலேயே உப்புநீரைத் தள்ளி விரட்டவேண்டும். என் கட்சி ஒன்று: மருந்தை உப்புநீரோடு ஒரே பெரிய சிரிஞ்சில் கலந்து, ஒரே மூச்சில் தள்ளினால் தீர்ந்தது. "சமைக்கத் தெரியாதவங்கதான் எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கிண்டுவாங்க" என்பாள். "ஒரு ஊசிக்கு மூணு கை கேக்குற ஆளு நீதான்டி" என்பேன். சாப்பாட்டு மேசையில் இது ஆரம்பித்தால் என் கணவர் தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி பக்கம் போய்விடுவார்.

ஊசி இல்லாமலே துடிப்பு அடங்குகிறதா என்று பார்க்க, டாக்டர் முதலில் அவளை ஒரு காலி சிரிஞ்சின் முனையில் ஊதச் சொல்லி, காலைத் தூக்கிப் பிடித்தார். இந்த வித்தையை எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள். கன்னம் உப்ப, முகம் சிவக்க ஊதிப் பார்த்தாள். துடிப்பு மசியவில்லை.

"சரி, ஊசி போட்டுடலாம். யார் போடுறீங்க?"

"எங்க அண்ணி" என்றாள் மூச்சு வாங்க. "ஆனா ரெண்டு சிரிஞ்ச்லதான்."

இந்த நிலைமையிலும் விட்டுக்கொடுக்கமாட்டேன் என்கிறாளே என்று எரிச்சலாக வந்தது. "ரெண்டுமே சரிதான், எது உங்க கைக்கு வருதோ அதச் செய்ங்க" என்றார் டாக்டர். என் கைக்கு வருவது ஒற்றைச் சிரிஞ்ச்தான். ஆனால் வியர்த்துக் கிடந்த அந்த முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. முழங்கை மடிப்பில் நரம்பைப் பிடித்து, அவள் சொன்னபடியே அந்தக் குட்டிக் குழாயில் இரண்டையும் மாட்டினேன். வேறு யாருக்காவது என்றால் பதறாமல் செய்வேன். இவள் என் வீட்டுப் பெண்.

மருந்தைத் தள்ளினேன். வழுக்கிக்கொண்டு போனது. மானிட்டரில் ஒரு மாற்றமும் இல்லை. பார்த்தால், பக்கத்துச் சிரிஞ்சின் தண்டு பின்னால் ஏறி நிற்கிறது. திருகைத் தப்பான பக்கம் வைத்திருந்திருக்கிறேன். மருந்து அவள் உடம்புக்குள் போகாமல் நேரே உப்புநீரில் போய்க் கலந்துவிட்டது.

"தப்பு பண்ணிட்டேன் டாக்டர்."

நாத்தனார் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அந்தத் திணறலிலும் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "அதான் கலந்தாச்சே அண்ணி. உங்க இஷ்டப்படியே தள்ளுங்க."

டாக்டரும் எட்டிப் பார்த்துத் தலையசைத்தார். "மருந்து சிரிஞ்சுலதான் இருக்கு. திருகத் திருப்பிட்டு அப்படியே குடுங்க."

திருப்பினேன். ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டித் தள்ளி, மருந்து சீக்கிரம் இதயத்துக்கு இறங்க அவள் கையை உயர்த்திப் பிடித்தேன். "நெஞ்ச அமுக்குது அண்ணி" என்று என் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டாள். மானிட்டரில் கோடு அப்படியே படுத்துவிட்டது. கொஞ்ச நேரம் இப்படித்தான் நிற்கும், பயப்படாதீர்கள் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்; எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியவில்லை. இவள் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றுதான் ஓடியது. ஒரு துடிப்பு வந்தது. இன்னொன்று. பிறகு கடைக்குப் போகிறவள் நடைபோல நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக.

அழுதுவிட்டேன். மறைக்கவெல்லாம் இல்லை. டாக்டர் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"இனிமேலாவது எது நல்லதுன்னு ஒத்துக்குவியா?" என்று கேட்டேன். அவள் இன்னும் என் மணிக்கட்டை விடவில்லை.

"கைய விடுடி, வேலை தலைக்கு மேல கெடக்கு."

"சும்மா நில்லுங்க அண்ணி" என்றாள். பிடி தளர்ந்து, அவள் விரல்கள் மெதுவாக நகர்ந்து என் நாடியைத் தேடி அழுத்தின. கண்கள் சுவர்க் கடிகாரத்துக்குப் போயின. படுத்தபடியே, உதடு மட்டும் அசைய, என் துடிப்பை எண்ணத் தொடங்கினாள்.