இசக்கியைப் படிகமாக்குதல்

மூன்றாம் ஆண்டு வேதியியல் மாணவிகள் செய்முறைத் தேர்வுக்கு ஜோடியாக வர வேண்டும். ஒருத்தி கரைவாள், மற்றவள் அவளைப் படிகமாக்கித் திரும்ப எடுப்பாள். மாலை நாலு மணிக்குள் எடுக்க முடியாவிட்டால் அரியர். கரைந்தவளைப் புட்டியில் ஊற்றி, பெயர் எழுதி ஒட்டி, நவம்பர் வரை அலமாரியில் வைத்துவிடுவார்கள். போன வருஷத்து ஸ்டெல்லா இன்னும் மேல்தட்டில்தான் இருந்தாள்.

பதிவெண் வரிசைப்படி ஜெசிந்தாவுக்கு இசக்கியம்மாள் ஜோடியானாள். இரண்டு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். நாற்பது நாளாகப் பேச்சில்லை. இசக்கி வீட்டுக்குத் தெரியாமல் கோயம்புத்தூரில் எம்.எஸ்ஸி. படிக்க விண்ணப்பம் வாங்கியிருந்தாள். அதை அவள் அப்பாவிடம் போய்ச் சொன்னது ஜெசிந்தா. அவர் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டார்.

இசக்கி கம்மலையும் வாட்சையும் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வெந்நீர்த் தொட்டியில் இறங்கினாள். ஜெசிந்தாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. பத்து நிமிஷத்தில் முழுதும் கரைந்தாள். கரைசல் இளநீலமாக இருந்தது.

ஜெசிந்தா வடிகட்டினாள். தாளில் ஒரு கொண்டை ஊசி மட்டும் நின்றது. கரைசலைச் சுண்டவைத்து ஆறவிட்டாள். மற்ற தொட்டிகளில் பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக எழுந்து தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். இசக்கி மட்டும் படியவில்லை. கண்ணாடிக் குச்சியால் தொட்டியின் உள்சுவரைச் சுரண்டியும் பலனில்லை. மணி மூன்றேகால் ஆகிவிட்டது.

தேர்வாளர் வேலம்மாள் மேடம் வந்து எட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தானே சுண்டியிருக்கு. ஏன் வர மாட்டேங்குறா?"

"எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல மேடம்."

"அப்பப் பேசு. முக்கால் மணி நேரம் இருக்கு."

ஜெசிந்தா தொட்டியோரம் குனிந்தாள்.

"ஏட்டி, உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்னு எல்லார்ட்டயும் சொன்னது பொய். நீ போயிட்டா நான் தனியாயிருவேன்னு பயந்துட்டேன்."

கரைசல் அப்படியே கிடந்தது.

"உங்க அப்பாட்ட நானே வந்து பேசுதேன்."

அடியில் ஊசிபோல ஒன்று விழுந்தது. பிறகு மளமளவென்று படிந்தது. மூன்று ஐம்பதுக்கு இசக்கி எழுந்து உட்கார்ந்தாள்.

உலர்த்தி நிறுத்ததில், கரையும் முன் இருந்த எடையில் நூற்று நாலு சதவீதம் வந்தது. வேறு பொருள் கலந்திருக்கிறது என்று மேடம் இரண்டு மார்க் குறைத்தார். ஜெசிந்தாவையும் நிறுத்துப் பார்த்தார்கள். காலையில் இருந்ததைவிட இரண்டு கிலோ குறைவு. அவள் அதை ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை வா," என்றாள் இசக்கி, கம்மலை மாட்டியபடி. "அப்பா வீட்லதான் இருப்பாரு. அப்ளிகேஷன் போட திங்கக்கிழமை கடைசி நாள். மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத. வந்து பேசு, பெறவு பாக்கலாம்."

"வாரேன்," என்றாள் ஜெசிந்தா.

படிகம் எடுத்தபின் மிஞ்சுகிற தாய்க்கரைசலைத் தாயிடம்தான் ஒப்படைக்க வேண்டும். இசக்கியின் அம்மா தூக்குவாளியோடு வாசலில் காத்திருந்து, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். டவுன் பஸ்ஸில் அதை ஜன்னலோரம் வைத்து, பக்கத்தில் இசக்கியோடு உட்கார்ந்தார். கண்டக்டர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, மகளிர் இலவசச் சீட்டு மூன்று கிழித்துக் கொடுத்தார்.