பொன்னாடை போர்த்திய கை

மழை பெய்தால் நீர்வேலியில் எங்கள் வீடுகளுக்குப் போகிற ஒழுங்கையில் முழங்காலளவு வெள்ளம் நிற்கும். வாய்க்கால் வெட்டித் தருவதாகச் சொன்ன தவேந்திரனுக்கு ஊரே வாக்குப் போட்டு அவரை வட்டார உறுப்பினராக்கி, மூன்று மாரி போய்விட்டது. அவர் சனசமூக நிலையத்துக்கு வருகிறார் என்றதும், இந்த முறை முகத்துக்கு நேரே கேட்பது என்று கூடி முடிவெடுத்தோம். கேட்கிற பொறுப்பு எனக்கு. மனுவையும் நானே எழுதினேன்.

அன்று காலை நிலையச் செயலாளர் கோபிசங்கர் ஒரு பொன்னாடையுடன் வந்தார்.

"இது என்னத்துக்கு?" என்றேன்.

"வாறவருக்கு மரியாதை செய்யாமல் விடேலுமே, அக்கா? நீங்களே போர்த்திவிடுங்கோ."

பொன்னாடை போர்த்த இரண்டு கையும் வேண்டும். மனுவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போர்த்தினேன். படம் எடுத்தார்கள். போர்த்திய கையோடு ஒரு மனுஷனிடம் எப்படிக் கணக்குக் கேட்பது? கேட்கவில்லை.

வடை தின்று முடித்து அவர் பேசினார். "மூண்டு வருசத்திலை ஒரு முறைப்பாடும் வராத ஊர் உங்கடை ஊர்தான்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வெட்கம் கெட்ட கை.

பிறகு செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, முந்தின நாள் பெய்த மழை வெள்ளத்துக்குள்ளால் வீட்டுக்கு நடந்தேன். மனு மட்டும் நனையவில்லை.