பயணிகள் எண்ணிக்கை: மூன்று

எங்கள் அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். மேலே போவதற்கும் கீழே வருவதற்கும்தான் அவருக்குச் சம்பளம். எங்காவது உயரமான கட்டடத்தில் லிஃப்ட் மக்கர் செய்தால் கம்பெனி அவரை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடும். நடு இருக்கை, ஆறிப்போன காபி, இரண்டு பக்கமும் முன்பின் தெரியாதவர்களின் முழங்கை. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டதற்காக விமானக் கம்பெனி அவருக்குப் பாயிண்ட் கொடுத்தது. பாயிண்ட் என்பது கையில் பிடிக்க முடியாதது, கடையில் நீட்ட முடியாதது, ஆனால் கைபேசியைத் திறந்தால் எண்ணாக உட்கார்ந்துகொண்டு சிரிப்பது. அப்பாவும் பதிலுக்குச் சிரிப்பார். என் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து அவர் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

சேர்த்ததில் ஒரே ஒரு முறைதான் கை வைத்தார். விமானக் கம்பெனியின் பரிசுப் பக்கத்தில் ஒரு நீலத் தோள்பை இருந்தது. சும்மா கிடைக்கிறதே என்று பாயிண்டைக் கொடுத்து வரவழைத்துவிட்டார். அம்மா ஜிப்பை இழுத்துப் பார்த்தாள். ஜிப் கையோடு வந்துவிட்டது. சும்மா கிடைப்பது இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிப் பையை அலமாரியின் தலையில் போட்டாள். அதற்குப் பிறகு அப்பா எதையும் தொடவில்லை. பாயிண்ட் என்பது ஒரு நல்ல நாளுக்காகக் காத்திருப்பது என்று முடிவு செய்துவிட்டார். அந்த நல்ல நாள் எது என்று கேட்டால் மட்டும், வரும்போது தெரியும் என்பார்.

அது அக்காவின் ரூபத்தில் வந்தது.

அக்கா கடல் கடந்து போய் எறும்புகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். எறும்பு எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்பது அவளுக்குத் தெரிய வேண்டுமாம். இதற்குப் போய் ஒரு பல்கலைக்கழகம் உதவித்தொகை கொடுத்தது என்பதை நான் இன்னமும் முழுதாக நம்பவில்லை. அவள் போனதிலிருந்து நாங்கள் யாரும் அங்கே போய்ப் பார்த்ததில்லை. ஒரு மாலை கூப்பிட்டு, வைவாவுக்கு, அதாவது பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்கு, தேதி குறித்துவிட்டார்கள் என்றாள். பெரிய அரங்கத்தில் எல்லோர் முன்னாலும் நடக்கும். நீங்கள் வந்தாக வேண்டும் என்றில்லை, டிக்கெட் விலை எனக்குத் தெரியும் என்றும் சொன்னாள். பிறகு போகிற போக்கில்தான் அதைச் சொன்னாள்.

"முன் வரிசையைக் குடும்பத்துக்குன்னு விட்டுருவாங்கம்மா. போன மாசம் என் ஃபிரெண்டுக்கு அவங்க அத்தை வரைக்கும் வந்திருந்தாங்க. என் வரிசை காலியா இருந்தாலும் பரவாயில்ல. கோட்டு வெச்சுக்க வசதி."

அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேலை ஆஸ்பத்திரிகளுக்கு உடுப்பு தைத்துக் கொடுப்பது. முன்னறை முழுக்க வெளிர்பச்சைத் துணி குவிந்திருக்கும். அழைப்பு முடிந்ததும் மிஷினில் உட்கார்ந்து, ஒரு டாக்டர் அங்கிக்கு மூன்றாவது கை வைத்துத் தைத்தாள். விஷயம் தீவிரம் என்று எனக்கும் அப்பாவுக்கும் அப்போதுதான் புரிந்தது.

காசு கொடுத்து டிக்கெட் வாங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. விடுமுறைக் காலம். மூன்று பேருக்கான தொகையைத் திரையில் பார்த்துவிட்டு அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தொகை குறையவில்லை. ஆகவே பாயிண்ட். கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, புறப்படும் ஊர், போய்ச் சேரும் ஊர், பயணிகள் எண்ணிக்கை மூன்று என்று போட்டார். பல வருஷ நடு இருக்கைகளுக்கான பலன் ஒன்றரை ஆளுக்குத்தான் போதும் என்று வந்தது.

அரை ஆளை அனுப்ப முடியாது. அப்பா தினமும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போட்டுப் பார்த்தார். லிஃப்ட் வரவில்லை என்றால் ஜனங்கள் பொத்தானை மறுபடி மறுபடி அமுக்குவதைப் பற்றி வாழ்நாள் முழுக்கக் கிண்டல் செய்தவர் அவர்.

ஒருவர் மட்டும் போவது என்று ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் அது சட்டவிரோதம். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு ரயில் பயணத்தில், நடுவழி ஸ்டேஷனில் தண்ணீர் வாங்க அப்பா இறங்கினார். ரயில் கிளம்பிவிட்டது. நாங்கள் மூன்று பேரும் ஜன்னலில், அப்பா பிளாட்பாரத்தில், கையில் இரண்டு பாட்டில். அடுத்த ரயிலைப் பிடித்து வந்து சேர்ந்தார், இரண்டு பாட்டிலோடு. அன்றே சட்டம் போட்டார்: இந்தக் குடும்பம் இனிப் பிரியாது. அது முதல் எனக்குப் பல் பிடுங்கினால்கூட எல்லோரும் போவோம். எங்களைப் பார்த்தால் பல் டாக்டரின் உதவியாளர் கூடுதல் நாற்காலி எடுத்துப் போடுவார். அக்கா படிக்கப் போனது மட்டும்தான் விதிவிலக்கு. உதவித்தொகை ஒருவருக்குத்தான் கிடைத்தது.

எனக்குப் புள்ளியியல் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பரீட்சை நெருங்கினால் எனக்கு உலகத்தில் எல்லாவற்றைப் பற்றியும் தெரிந்துகொள்ள ஆசை வரும், பாடத்தைத் தவிர. இந்த முறை பாயிண்டைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பாயிண்டுக்கு உண்மையில் என்னதான் விலை?

தோண்டத் தோண்ட, ஒரே பாயிண்டுக்கு ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு மரியாதை என்று தெரிந்தது. பரிசுப் பக்கத்தில் அதற்கு நாய் படாத பாடு. அந்த நீலப் பைக்குக் கொடுத்த பாயிண்டில் அப்பா பக்கத்து ஊருக்குப் பறந்துபோய், அதைவிட நல்ல பையைக் காசுக்கு வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். காசு டிக்கெட்டில் பாயிண்டைக் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு பொத்தான் கண்சிமிட்டியது. அங்கேயும் அதே கதை. பாயிண்டுக்கு முழு மரியாதை கிடைப்பது, காசு கொடுத்தால் கட்டுபடியே ஆகாத நீண்ட பயணத்துக்கு மொத்தமாகப் பாயிண்டைக் கொடுக்கும்போதுதான். வரியை மட்டும் காசாக வாங்கிக்கொள்வார்கள். இலவசத்துக்கும் வரி உண்டு என்பதைக் கண்டுபிடித்தவன் சாமானியன் அல்ல. இன்னொன்றும் தெரிந்தது. அப்பா சேர்த்துக்கொண்டிருந்த வருஷங்களில், அதே தூரத்துக்குக் கேட்கும் பாயிண்டைக் கம்பெனி சத்தமில்லாமல் ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறது. அவர் நல்ல நாளுக்காகக் காத்திருந்தார். நல்ல நாள் நடையைக் கட்டிக்கொண்டிருந்தது.

இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி, கல்லூரி கேன்டீனில் உட்கார்ந்து என் கைபேசியிலேயே ஊர் பெயர்களைப் போட்டுத் தேடினேன். ஆளுக்கு என்று வந்த எண், அப்பா பார்த்ததில் பாதிக்கும் குறைவாக இருந்தது. எதையோ தப்பாகப் போட்டுவிட்டேன் என்று பார்த்தால், போட்டது எல்லாம் சரி. பயணிகள் எண்ணிக்கையை மாற்ற மட்டும் மறந்திருக்கிறேன். ஒன்று என்று இருந்தது.

இரண்டு என்று மாற்றினேன். ஆளுக்கான விலையே ஏறியது. மூன்று என்றேன். இன்னும் ஏறியது. மறுபடி ஒன்று. இறங்கியது. அப்பாவின் லிஃப்ட் மாதிரி ஏறி இறங்கியதே தவிர, காரணம் பிடிபடவில்லை. மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பதுதான் நான் அறிந்த உலகம். இங்கே மூன்று பேர் சேர்ந்து வந்தால் தலைக்கு அபராதம்.

உதவி எண்ணைக் கூப்பிட்டேன். சங்கீதம் நிறையக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தார். நான் கேட்டதைப் பாதியிலேயே புரிந்துகொண்டார்.

"அந்த ஃபிளைட்ல குறைஞ்ச பாயிண்டுக்கு ஒரே ஒரு சீட்தான் சார் விட்டிருக்காங்க. நீங்க மூணு கேட்டா, மூணும் சேர்ந்தாப்ல எந்த ரேட்ல கிடைக்குதோ அந்த ரேட்தான் மூணு பேருக்கும்."

அப்படியென்றால் ஒரு நாளைக்கு ஒருவராகப் போனால்? அது உங்கள் விருப்பம் சார் என்றார். பெரும்பாலான குடும்பங்கள் சேர்ந்து போகவே விரும்பும் என்றும் சொன்னார். நான் அவருக்குப் பல் டாக்டர் விஷயத்தைச் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அடுத்தடுத்த நாள்களில் ஆளுக்கொரு விமானம், எல்லோருமே வைவாவுக்கு முன்னால் போய்ச் சேரலாம், பாயிண்டும் போதும். அப்பா நான் ஏதோ பாகப்பிரிவினை கேட்டதுபோலப் பார்த்தார்.

"தனித்தனியாவா? நடுவுல விமானம் வேற மாறணும். உங்கம்மாவுக்கு எந்தப் பக்கம் போகணும்னு தெரியுமா?"

அம்மா மிஷினை விட்டு நிமிரவில்லை. அவரவர் பங்குக்கு வாதம் நடந்தது. அப்பா விமான நிலையங்களின் நீளத்தை வர்ணித்தார். நான் பெயர்ப்பலகைகளின் பெருமையைச் சொன்னேன். முடிவில்லாமல் போகவே அக்காவைக் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் போட்டேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எறும்பெல்லாம் சேர்ந்து கிளம்பி வழி கண்டுபிடித்ததாகத் தான் எங்கேயும் பார்க்கவில்லை என்றாள். அது தனித்தனியாகத்தான் புறப்படும், அப்புறம்தான் வரிசை. அப்பா, எறும்புக்கு விமானம் மாறுகிற தொல்லை இல்லை என்றார். பேச்சை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார்.

நாளைக்கு வைத்துக்கொண்டோம். மறுநாள் நான் திறந்து பார்த்தபோது வைவாவுக்கு முன்னால் இருந்த மலிவு இடங்களில் ஒன்றுதான் பாக்கி இருந்தது. மற்றவற்றை, எங்களைவிடக் குடும்பப் பாசம் குறைந்தவர்கள் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். வைவாவுக்குப் பின்னால் இடம் இருந்தது. முன்னால் ஒருவர்தான்.

முன்னறையில் சொன்னேன். மிஷின் நின்றது.

"ஏங்க, அன்னிக்கு ரயிலை விட்டப்ப நீங்க தனியாத்தானே வந்து சேர்ந்தீங்க?" என்றாள் அம்மா. "யாராச்சும் கையைப் பிடிச்சா கூட்டிட்டு வந்தாங்க?"

அப்பா, அது வேறு என்றார்.

"என்ன வேற? நீங்க வந்து சேருவீங்க, நான் வந்து சேர மாட்டேனா? என் பேரைப் போடுங்க. அவ கோட்டு வைக்கிறதுக்கா நான் பெத்தேன்?"

அப்பா கைபேசியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். அம்மாவின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். கடைசிப் பொத்தானுக்கு மேல் விரலை நிறுத்திவைத்து, இதில் போனால் பாயிண்ட் ஏறுமா என்று என்னிடம் கேட்டார். பாயிண்டில் வாங்கும் டிக்கெட்டுக்குப் பாயிண்ட் கிடையாது என்றேன். இது அவரை உள்ளூர மிகவும் பாதித்தது. ஆனாலும் அமுக்கிவிட்டார். திரையிலிருந்த எண் சடாரென்று கீழே இறங்கியது. அறுந்த லிஃப்டைப் பார்ப்பதுபோல அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்புவதற்கு முன் அம்மா அலமாரியின் மேலிருந்து அந்த நீலப் பையை இறக்கினாள். தூசி தட்டி, பழைய ஜிப்பைப் பிரித்துப்போட்டு, அங்கிகளுக்கு வாங்கி வைத்திருந்ததில் ஒன்றை எடுத்துத் தைத்தாள். வெளிர்பச்சை ஜிப் போட்ட நீலப் பை. தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும், தொலையாது என்றாள்.

விமான நிலையத்தில் அப்பா, மாறவேண்டிய இடத்தில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைத் தன் உள்ளங்கையில் வரைந்து காட்டினார். கூட்டம் வந்தால் ஓரமாக நில், யார் எதைக் கொடுத்தாலும் வாங்காதே, பசித்தால் கேட்டு வாங்கு என்றார். கடைசி இரண்டும் ஒன்றோடொன்று இடித்ததை அம்மா கண்டுகொள்ளவில்லை. சொல்வதற்கு வேறொன்றும் இல்லாமல் போனதும் அப்பா, இரு, தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று கிளம்பினார்.

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும்தான். பரீட்சையை ஒழுங்காக எழுது என்று என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வரிசைக்குள் போய்விட்டாள்.

அப்பா வந்தபோது அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தாள். பச்சை ஜிப் மட்டும் கூட்டத்துக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. அப்பா கையில் இரண்டு பாட்டிலோடு நின்றார். தண்ணீர் பாட்டிலை உள்ளே விடமாட்டார்கள் அப்பா என்றேன்.

"தெரியும்டா," என்றார். ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு மற்றொன்றைத் திறந்து குடித்தார்.

அம்மா போய்ச் சேர்ந்தாள். விமானம் மாறும் இடத்தில், வழி தெரியாமல் நின்ற வேறொரு குடும்பத்துக்கு வழி காட்டினாளாம். அவர்கள் ஐந்து பேர் சேர்ந்து போகிறவர்களாம்.

வைவா நடந்த அன்று அப்பா ஒரு பதினெட்டு மாடிக் கட்டடத்தில் வேலையாக இருந்தார். நான் உதவிக்குப் போயிருந்தேன், அதாவது டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்காவிடமிருந்து படம் வந்தது. எறும்புகளைப் பற்றித் தெரிந்துகொள்ள இத்தனை பேருக்கு ஆசையா என்று நினைக்கும் அளவுக்குக் கூட்டம். பின்னால் சுவரோரம் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். முன் வரிசையில், சரியாக நடுவில், அம்மா. அவளுக்கு ஒரு பக்கத்து நாற்காலியில் நீலப் பை. மறுபக்கத்து நாற்காலியில் மடித்து வைத்த சால்வை. கீழே அக்கா எழுதியிருந்தாள்:

"ஒரு புரொஃபசர் வந்து இங்க உட்காரலாமான்னு கேட்டார். அம்மா, ஆள் வருதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

அப்பா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கைபேசியை வாங்கினார். படத்தைப் பெரிதாக்கி அம்மாவைப் பார்த்தார். நகர்த்தி நகர்த்தி இரண்டு நாற்காலிகளையும் பார்த்தார். பாயிண்டே கொடுக்காமல் ஒருத்தி முன் வரிசையில் இரண்டு இடம் பிடித்திருக்கிறாள் என்பது அவருக்கு மெல்லத்தான் உறைத்தது.

"பை இருக்கே, அது என் சீட்டு," என்றார்.

சால்வை எனக்குப் போதும் என்றேன். அவர் படத்தை மூடினார். லிஃப்டின் கூரை மேல் உட்கார்ந்தபடியே தன் கைபேசியில் விமானக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்தார். ஊர் பெயர்கள் ஏற்கெனவே அதில் இருந்தன. பயணிகள் எண்ணிக்கை என்ற கட்டத்துக்கு வந்து கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு மூன்றை அழித்துவிட்டு ஒன்று என்று போட்டார்.