ரெண்டு வண்டி, கிழக்கே போறோம்

மணல்மேட்டின் உச்சிக்குப் போகிறவரை அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்தைக் கடக்கிற நாங்கள் எல்லோரும் ரேடியோவில் பத்தாம் சேனலை வைத்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போகிறோம். எத்தனை வண்டி, எந்தப் பக்கம், டிரெய்லர் உண்டா. எதிரே வருகிறவர்கள் அந்த எண்ணிக்கையை நம்பித்தான் ஒதுங்கி நிற்பார்கள். கடைசி வண்டி தாண்டிய பிறகுதான் மேட்டில் ஏறுவார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் முதல் எதிர்வண்டியின் குரல் கேட்டதும் என் கணவன் நெவில் மைக்கை எடுத்தான்.

"ரெண்டு வண்டி, கிழக்கே போறோம். பின்னாடி வர்றவன் டிரெய்லர் இழுக்கறான்."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. முப்பது வருஷமாக அவன் சொல்லிவந்த வாக்கியம் அது. முன்னால் நாங்கள், பின்னால் அவன் தம்பி கிளைவ். கிளைவ் படுத்துத் தூங்கும் கேம்பர் டிரெய்லர், கிளைவின் பச்சை வண்டி, மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்தும் தெரியட்டும் என்று அதன் மூக்கில் நட்ட நீளக் கம்பியில் பழைய மழைக்கோட்டைக் கத்தரித்துக் கட்டிய மஞ்சள் கொடி. போன வசந்தத்தில் கிளைவ் போர்ட் அகஸ்டா ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். பச்சை வண்டியை விற்றாகிவிட்டது. டிரெய்லர் இப்போது எங்கள் வண்டியின் கொக்கியில் இருந்தது. இழுத்துக்கொண்டு போகாதே, மணலில் மாட்டிக்கொள்வாய் என்று சொல்லாத ஆள் இல்லை. "இன்னும் ஒரே ஒரு தடவை இது கடந்து போகட்டும்," என்று நெவில் பிடித்த பிடியில் நின்றான்.

"யாருப்பா அந்த ரெண்டாவது வண்டி? எனக்குத் தெரியாம பின்னாடி எவளாவது வர்றாளா?" என்றேன்.

"வாய் தவறிடுச்சு, ராஸ்."

"அப்ப திருத்திச் சொல்லு. பாவம், அவங்க வெயில்ல காத்துக்கிட்டு நிப்பாங்க."

மைக் கையில்தான் இருந்தது. அவன் அதை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினான். எதிரே வந்தது ஒரு வெள்ளை வண்டி, உள்ளே இரண்டு பெண்கள். ஒதுங்கி நின்று கையசைத்தார்கள். நானும் அசைத்தேன். நாங்கள் தாண்டிய பிறகும் அவர்கள் நகரவில்லை. எண்ணிக்கையை நம்பி நின்றார்கள்.

நாலைந்து மேடு தாண்டியிருப்போம். ரேடியோ கரகரத்தது. வெள்ளை வண்டிப் பெண்களில் ஒருத்தி.

"முன்னாடி போற டிரெய்லர் நண்பர்களே, உங்க ரெண்டாவது வண்டியும் எங்களத் தாண்டிடுச்சு. நல்லாத்தான் வர்றாரு, கவலப்படாதீங்க. ஆமா, கெட்டில் போட்டாச்சான்னு உங்ககிட்ட கேக்கச் சொன்னாரு."

முப்பது வருஷம் நாங்கள் எங்கே நின்றாலும், பின்னாலிருந்து ரேடியோவில் முதலில் வரும் கேள்வி அதுதான். ராஸ், கெட்டில் போட்டாச்சா? அது எங்கள் மூன்று பேருக்குள் மட்டும் நடக்கும் பேச்சு. மூன்றில் ஒருவனைப் புதைத்தாகிவிட்டது.

மைக்கைப் பிடுங்கினேன். "எந்த வண்டி? என்ன நிறம்?"

பதிலில் பாதியை மணல்மேடுகள் விழுங்கிவிட்டன. "...பச்ச... மஞ்சக் கொடி..." என்று மட்டும் கேட்டது.

நெவிலைப் பார்த்தேன். அவனுக்குப் பயமே இல்லை. பொண்ணு பார்க்கப் போகிற பையன் மாதிரி முகம் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தான். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

அதற்கப்புறம் அவன் ஓட்டியதை ஓட்டுவது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு உச்சியிலும் நிறுத்தினான். கண்ணாடியையே பார்த்தான். பின்னால் சிவப்பு மணல், அதில் எங்கள் தடம், முள்புல், வானம். வேறொன்றும் இல்லை. டிரெய்லரோ உச்சியில் நின்றால் புதையும். மறுபடி பின்னால் இறங்கி, டயரில் இன்னும் கொஞ்சம் காற்றை இறக்கி, ஓட்டம் எடுத்து ஏற வேண்டும். டீசல் முள் இறங்கிக்கொண்டே வந்தது.

"நெவில், இப்படியே போனா பேர்ட்ஸ்வில் ஊருக்குப் போய்ச் சேர மாட்டோம். அடுத்த ஆள் வந்தா ஒண்ணுன்னு சொல்லு."

"சரி."

அடுத்த ஆள் வந்தார். வயதானவர், தனி வண்டி. நெவில் மைக்கை எடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ரெண்டு வண்டி, கிழக்கே போறோம்." இந்த முறை வாய் தவறவில்லை.

அன்று அவனை அறைந்திருக்க வேண்டும். அறையவில்லை. அவனிடமிருந்து இன்னொரு செய்தி கேட்க எனக்கும் ஆசையாக இருந்தது, அதுதான் உண்மை. கிளைவ் என்னை முப்பது வருஷம் கேலி செய்தவன். அந்தக் கேலி இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடந்தது.

இந்த முறை நாலைந்து மேடு ஆகவில்லை. ஒரே ஒரு மேடுதான். கிழவரின் குரல் பக்கத்தில் கேட்டது.

"உங்காளு பின்னாடியே வந்துட்டாரு, நண்பா. ஆனா ஒண்ணு, அவருகிட்ட டிரெய்லர் இல்லையே? கேட்டேன். முன்னாடி போறவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க, அத வாங்கத்தான் வர்றேன்னாரு. இன்னைக்கு ராத்திரி அவருக்குப் படுக்க இடம் வேணுமாம்."

நெவில் வண்டியை நிறுத்தினான். இறங்கி நேராக டிரெய்லரின் கொக்கியிடம் போனான். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"என்ன பண்ற?"

"அவனோடது, ராஸ். அவன் கேக்கறான். குடுத்துடலாம்." பூட்டுச் சங்கிலியைக் கழற்ற ஆரம்பித்தான். "நீ வண்டிய எடுத்துட்டுப் போ. பாரம் இல்லன்னா டீசல் போதும். அந்தப் பக்கம் பிக் ரெட்டுங்கற பெரிய மேடு ஒண்ணுதான் பாக்கி. நான் டிரெய்லரோட இருக்கேன். அவன் வந்ததும் அவன்கூட வந்துடறேன்."

"எதுல வருவ?"

"அவன் வண்டியிலதான். வேற எதுல?"

அதைச் சொன்னபோது அவன் குரலில் பைத்தியம் எதுவும் இல்லை. கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பதுபோல் சொன்னான். அப்போது நான் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் தாண்டிவந்த மேட்டின் விளிம்புக்கு மேலே ஒரு கம்பி நுனி தெரிந்தது. அதில் மஞ்சளாக ஒரு துண்டு. அந்த மாலையில் நல்ல காற்று. எங்கள் வண்டிக் கம்பியிலிருந்த கொடி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த மஞ்சள் துண்டு அசையவே இல்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டி எஞ்சினை அணைத்துவிட்டு, கூப்பிடட்டும் என்று நின்றுகொண்டிருந்தது.

நெவிலும் பார்த்தான். கையைத் தூக்கப் போனான். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் வண்டிக்குள்ளிருந்து ரேடியோ கூப்பிட்டது. ஒரு பெண் குரல். "பிக் ரெட் மேட்டுலேர்ந்து மூணு பேரு, ஒரு வண்டி, மேற்கே வர்றோம். எதிர்ல யாராச்சும் இருக்கீங்களா?"

பதில் சொல்லியே ஆக வேண்டும். நான் அவனை இழுத்துக்கொண்டு போய் மைக்கை அவன் கையில் திணித்தேன்.

"சொல்லு. எத்தன வண்டின்னு சொல்லு."

"நீ சொல்லு, ராஸ்."

"நான் சொன்னா ஆகாது. ரெண்டுன்னு சொன்னவன் நீ. நீ சொன்னதாலதான் அவன் அங்க நிக்கறான்." எனக்கு அழுகை முட்டியது. "எனக்கும் அவன் வேணும்டா. ஆனா அங்க நிக்கறவன் கெட்டில் போடச் சொல்லி வரல, உன்னக் கூட்டிட்டுப் போக வந்திருக்கான். நீ போயிட்டா நான் இந்த மணல்ல யாரப் பாத்து எத்தன வண்டின்னு சொல்லுவேன்?"

ரேடியோ மறுபடி கேட்டது. "எதிர்ல யாராச்சும்?"

நெவில் பொத்தானை அழுத்தினான்.

"ஒரே வண்டி," என்றான். "கிழக்கே போறோம். டிரெய்லர் எங்ககிட்டதான் இருக்கு. எங்களுக்குப் பின்னாடி யாரும் இல்ல."

"கேட்டுச்சு, ஒரே வண்டி. நாங்க இறங்கி ஒதுங்கி நிக்கறோம், நீங்க ஏறுங்க."

நான் மேட்டைப் பார்த்தேன். விளிம்புக்கு மேலே வானம் மட்டும் இருந்தது. நெவில் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் குழந்தை மாதிரி அழுதான். அவன் அழுது முடிப்பதற்குள் நான் சங்கிலியைத் திரும்பப் பூட்டினேன். அவசரத்தில் விரல் நசுங்கியது.

வழியில் ஒதுங்கி நின்ற வண்டியில் ஒரு தம்பதியும் வயதான ஒரு பெண்மணியும் இருந்தார்கள். நாங்கள் தாண்டியதும் அவர்கள் காத்திருக்காமல் மேற்கே கிளம்பினார்கள். பிக் ரெட்டில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை உச்சிக்கு வந்தோம். கீழே பேர்ட்ஸ்வில் போகும் சமவெளி. நெவில் வழக்கம்போல் ஒரு நிமிஷம் நிறுத்தினான். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

அப்போது அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். உச்சியில் இருந்ததால் தெளிவாகக் கேட்டது.

"டிரெய்லர்காரங்களே, நீங்க எதையோ விட்டுட்டுப் போயிட்டீங்க போல. ஒரு மேட்டடியில அடுப்பு இன்னும் எரிஞ்சிட்டிருக்கு. கெட்டில் கொதிக்குது. பக்கத்துல மூணு கப் எடுத்து வெச்சிருக்கு. உங்களோடதா?"

நாங்கள் அன்று எங்கும் அடுப்பு மூட்டவே இல்லை. நான் நெவிலின் கையைப் பிடிக்கவில்லை. இந்த முறை அதற்குத் தேவை இருக்கவில்லை. அவன் மைக்கை எடுத்தான்.

"எங்களோடதுதான், அம்மா," என்றான். குரல் உடையவில்லை. "டீய நீங்க மூணு பேரும் குடிச்சிடுங்க. போறப்ப நெருப்ப நல்லா அணைச்சிடுங்க, மண்ணப் போட்டு மூடிடுங்க. காத்து அடிக்குது."

"சரி, அணைச்சிடறோம்," என்றாள் அவள்.

நெவில் மைக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு, மேட்டிலிருந்து மெதுவாக இறக்கினான்.