தளவாய் நேராக்கிய தாளம்

கோயில் கொடை, கல்யாணம், கிறிஸ்துமஸ் பவனி என்று எந்த மேடையில் ஏறிக் கஞ்சிரா வாசித்தாலும் ஜெபசிங்கின் மனசு மட்டும் பிரேசிலில்தான் கிடக்கும். அந்த நாட்டுப் பாண்டெய்ரோ நம்ம கஞ்சிராவுக்குப் பெரியப்பா மகன் மாதிரி. அதை யூடியூப் பார்த்தே படித்தான். அந்த நாட்டுச் சாம்பாத் தாளத்தோடு ஜாஸையும் ஃபங்க்கையும் குழைத்து ஒரு ஆல்பம் போட்டுவிடணும், நானும் ஒரு வாத்தியக்காரன் என்று நாலு பேர் சொல்லணும் என்பதுதான் அவன் ஆசை. கல்யாணத்துக்கு அடிக்கிற கைக்கு இந்தக் கொழுப்பு ஆகாது என்று தென்காசியே சிரித்தது. சிரிக்கிற வாயை யார் தைக்க முடியும்?

பங்குனியில் அருவி வற்றிக் குற்றாலம் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும்போது, அங்கே ஒரு லாட்ஜ் ரூமைப் பிடித்தான். வெளிச்சத்தம் வராமல் ஜன்னலில் மெத்தையைச் சாத்தி, வேர்க்க விறுவிறுக்க வாசித்துத் தீர்த்தான். சாம்பாவின் சூட்சுமமே அந்தத் தள்ளாட்டம்தான். ஒரு அடி இம்மி பிந்தும், அடுத்தது இம்மி முந்தும். கேட்கிறவன் இடுப்பு தன்னால ஆடும். அது கைக்கு வர அவன் பட்ட பாடு நாய் படாது.

பதிவுக்கு லேப்டாப் இரவல் கொடுத்தவர் தளவாய் அண்ணாச்சி. தென்காசியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். மிக்ஸிங்கும் அவரே. கச்சேரி ரெக்கார்டிங்கில் ஊறிய மனுஷன், தாளம் பிசகினால் அவருக்குப் பல் கூசும். யார் பிசகினாலும் வெளியே மூச்சு விடாமல் கம்ப்யூட்டரில் நேராக்கிக் கொடுப்பார். வாசித்தவன் மானத்தைக் காப்பாற்றுவது அவர் தொழில் தர்மம். ஜெபசிங் மானத்தையும் காப்பாற்றினார். ஒவ்வொரு அடியையும் இழுத்துப் பிடித்துக் கோட்டில் நிறுத்தினார். அவன் சிவகிரிக்குக் கச்சேரிக்குப் போயிருந்தபோது, முதல் சாரல் விழுந்த நல்ல நாள் என்று ஆல்பத்தை இணையத்தில் ஏற்றியும் விட்டார்.

திரும்பி வந்து ஜெபசிங் கேட்டான்; அந்தத் தள்ளாட்டம் இம்மிகூட மிச்சமில்லை. ஸ்டூடியோவுக்கு ஓடினான்.

"அண்ணாச்சி, நான் வாசிச்சது எங்க?"

"அதை அழிச்சாச்சுலே. சீசன் கச்சேரிக்குக் கம்ப்யூட்டர்ல எடம் வேணும்லா. எதுக்கு இப்படி முழிக்கே? ஒன் பிசகை எவனுக்கும் காட்டல."

பாவி மனுஷன், சிரித்துக்கொண்டே சொல்லுகிறார்! ஒரு காப்பி எடுத்து வைக்கத் தோன்றாத தன் புத்தியைச் செருப்பால் அடிக்கணும் போல இருந்தது ஜெபசிங்குக்கு.

அந்நேரம் பார்த்து போன் கிணுகிணுத்தது. வெகு நாளாக அவன் இணையத்தில் பழகி வந்த பிரேசில் வாத்தியக்காரர் ஒருவர் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு எழுதியிருந்தார்: 'தாளத்துக்குப் போட்ட கம்ப்யூட்டர் புரோகிராமிங் சுத்தம். எந்த சாஃப்ட்வேர்? நீ வாசித்ததை எப்போது அனுப்புவாய்?'

தளவாய் போனைப் பிடுங்கிப் படித்தார். முகம் மலர்ந்துபோயிற்று.

"ஏலே, பாத்தியா! பிரேசில்காரனே மிஷினுன்னு நெனச்சிட்டான்! இதுக்கு மேல என்னலே வேணும்?"

ஜெபசிங் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டான். இந்த மனுஷனிடம் கத்தி என்ன பிரயோஜனம்?

"உம்மால எனக்கு வாசிக்கவே தெரியாதுன்னு ஆயிப்போச்சு, அண்ணாச்சி."

அவர் பாசத்தோடு அவன் தோளில் தட்டினார்.

"தெரியலைன்னா என்னலே? அதுக்குத்தான நான் இருக்கேன்."